இருபத்திமூன்று பிரியதத்தம்

புளியந்தீவைக் காரில் ஒரு தரம் சுற்றிவர எவ்வளவு நேரம் பிடிக்கும் என்று கேட்டால் மற்றவர்கள் நிமிடக் கணக்கில் பதில் சொல்வார்கள். எங்கள் வீட்டில் மட்டும் இருபத்திமூன்று பிரியதத்தம் என்போம். பிரியதத்தம் என்றால் வேறொன்றும் இல்லை, மாதாவிடம் வேண்டிக்கொள்ளும் மங்கள வார்த்தைச் செபத்துக்கு அந்தக் காலத்துக் கத்தோலிக்கர்கள் வைத்திருந்த பெயர். செபமாலையில் ஒரு மணியைப் பிடித்தால் ஒரு பிரியதத்தம். மட்டக்களப்பு வாவிக்கு நடுவே இருக்கும் அந்தத் தீவை என் பெரியப்பா தன் வாலிப காலத்தில் இருபத்திமூன்று பிரியதத்தத்தில் சுற்றிவந்தவர். அதை எண்ணியது பெரியம்மா.

அந்தக் கதையை நான் நூறு தரமாவது கேட்டிருப்பேன். இரண்டாம் உலக யுத்தம் முடிந்த கையோடு நடந்த சங்கதி. வாடகைக் கார் வைத்திருந்த மூன்று பேருக்குள், யாருடைய வண்டி வேகம் என்று வாய்த்தர்க்கம் முற்றிவிட்டது. றோட்டு ஒடுக்கம், மூன்று வண்டியும் ஒன்றாக ஓட ஏலாது. ஒவ்வொன்றாக ஓடி நேரம் பார்ப்போம் என்று கோயில் வாசலில் கூடினார்கள். நேரம் பார்க்கக் கொண்டுவந்த சட்டைப்பை மணிக்கூடு முதல் கார் வெளிக்கிடும் முன்பே நின்றுபோயிற்று. தட்டிப் பார்த்தார்கள், ஊதிப் பார்த்தார்கள், அசையவில்லை. அப்போது கோயில் படியில் இருந்து செபமாலை சொல்லிக்கொண்டிருந்த ஒரு குமர்ப்பிள்ளையிடம், "தங்கச்சி, கார் வெளிக்கிடேக்க முதல் மணியப் பிடிங்க, திரும்பி வரேக்க எத்தினையாவது மணி எண்டு மட்டும் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டார்கள். முதல் காருக்கு இருபத்தேழு, இரண்டாவதற்கு முப்பத்தொன்று, கடைசியாக ஓடிய பெரியப்பாவுக்கு இருபத்திமூன்று. அந்தக் குமர்ப்பிள்ளை ஆறு மாதத்தில் எனக்குப் பெரியம்மாவாகிவிட்டார்.

"றெக்கோட்டும் கிடைச்ச, பொஞ்சாதியும் கிடைச்ச, ரெண்டும் ஒரே படியில" என்று பெரியப்பா ஒவ்வொரு தரமும் முடிப்பார். பெரியம்மா ஒவ்வொரு தரமும் எழும்பிக் குசினிக்குள் போய்விடுவார்.

நான் சொல்லப்போகிற காலத்தில் பெரியப்பா வாடகைக்கு ஓடுவதை விட்டிருந்தார். ஆனால் காரை விடவில்லை. அது கறுப்பு நிறத்தில், கதவு மூடினால் திறக்காது, திறந்தால் மூடாது என்ற நிலையில் இருந்தது. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால் முன் சீற் எனக்குத்தான். சனிக்கிழமைகளில் செங்கலடிச் சந்தைக்குப் போவோம். போகும் வழியெல்லாம் எங்களுக்குள் ஒரு விளையாட்டு. "மகள், முன்னுக்கு என்ன வருது?" என்று பெரியப்பா கேட்பார். "மாடு பெரியப்பா, ரெண்டு மாடு, ஒண்டு படுத்திருக்கு" என்பேன். "கெட்டிக்காரி!" என்று சொல்லிவிட்டு மெதுவாக விலத்துவார். எட்டு வயதில் என்னை அவ்வளவு கெட்டிக்காரி என்று சொன்னவர் உலகத்தில் வேறு யாரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் என் நிலைமை வேறு.

நான் கூட வராத நாட்களில்தான் பிரச்சினை. ஒரு நாள் றோட்டோரத்தில் நின்ற தபால் பெட்டியின் பக்கத்தில் காரை நிறுத்தி, "ஏறுங்க, நானும் அந்தப் பக்கந்தான் போறன்" என்று சொல்லியிருக்கிறார். தபால் பெட்டி ஏறவில்லை. இரண்டாவது தரமும் கூப்பிட்டுவிட்டு, மரியாதை தெரியாத மனிசன் என்று கோபித்துக்கொண்டு போயிருக்கிறார். இதைப் பார்த்த மீன்காரி சொல்லித்தான் ஊருக்கே தெரியும். அதன் பிறகு ஒரு பின்னேரம், நான் கச்சான் கடலை உடைத்துத் தின்பதில் கவனமாக இருந்த ஒரு நொடியில், வாவிக்கரை வளைவில் கார் கிறுகாமல் நேரே போய் முன் சில்லு இரண்டையும் தண்ணீரில் வைத்துக்கொண்டு நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம். சீற்றில் இருந்தபடியே மீன்குஞ்சு பார்த்தேன். கரையில் ஓடிவந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுத அழுகையில் அந்தச் சந்தோஷத்தை வெளியில் காட்ட முடியவில்லை.

அதோடு வீட்டில் பெரியப்பாவுக்கு எதிராகப் பெரிய கட்சியே கிளம்பிவிட்டது. அம்மாதான் தலைவி. அப்பா தமையனை எதிர்த்துப் பேசமாட்டார், ஆனால் அம்மா பேசும்போது தலையாட்டுவார். பெரியம்மா எந்தப் பக்கமும் சேராமல் இறால் உரித்துக்கொண்டிருந்தார். கட்சியின் வாய் என்று சொன்னால் அது மாமா, அம்மாவின் தம்பி. வந்தாறுமூலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தார். புதுச் சின்னக் கார் ஒன்று வாங்கியிருந்தார். அதைவிட முக்கியம், வெளிநாட்டுக் கார்ப் பந்தயப் புத்தகங்கள் படிப்பார்.

"அத்தான், நீங்க ஓடினது போதும். திறப்ப என்னட்டத் தாங்க. எங்க போகவேணும் எண்டாலும் நான் கூட்டிப்போறன்" என்றார் மாமா.

பெரியப்பா சாய்வு நாற்காலியில் இருந்து எழும்பினார். சட்டைப்பையில் இருந்த கார்த் திறப்பை எடுத்து, சாவி குலுங்க எல்லோருக்கும் காட்டினார்.

"இந்தத் தீவ என்னவிடச் சுறுக்காச் சுத்தினவன் இன்னும் பிறக்கல்ல மச்சான். என்ட இருபத்திமூண்ட எவன் முறியடிக்கிறானோ, அவன்ட கையில இந்தத் திறப்பத் தாறன். அதுக்குப் பிறகு நான் ஸ்ரியரிங்கத் தொட்டா செருப்பால அடிங்க. அதுவரைக்கும் ஒருத்தரும் வாய் திறக்கப்படாது."

மாமா உடனே சம்மதித்தார். புதுக் காருக்கு இது ஒரு பெரிய வேலையா என்ற எண்ணம் அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது. எனக்கோ வேறு கணக்கு. திறப்புப் போனால் சனிக்கிழமை போச்சு, செங்கலடி போச்சு, முன் சீற் போச்சு. நான் எந்தக் கட்சி என்று என்னை யாரும் கேட்கவில்லை.

ஆனால் பழைய றெக்கோட்டையும் புதிய ஓட்டத்தையும் எப்படி ஒப்பிடுவது? அங்கேதான் சண்டை தொடங்கியது. மாமா தன்னுடைய கைக்கடிகாரத்தில் செக்கன் முள் இருக்கிறது என்றார். "உன்ட செக்கன் முள் அண்டைக்கு அங்க நிண்டதா? என்ட ஓட்டம் எத்தினை செக்கன் எண்டு சொல்லு பாப்பம்" என்று பெரியப்பா கேட்டார். மாமா புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். அதில் ஒரே பந்தய வட்டத்தில் பழைய கார்கள் எவ்வளவு நேரத்தில் ஓடின, புதுக் கார்கள் எவ்வளவு நேரத்தில் ஓடின என்று செக்கனையும் பிளந்து பட்டியல் போட்டிருந்தது. பெரியப்பா பட்டியலைத் தொடவில்லை. அதற்குக் கீழே பொடி எழுத்தில் என்ன இருக்கிறது என்று வாசிக்கச் சொன்னார். வளைவுகளை மாற்றிக் கட்டினால் பழைய றெக்கோட் தனியாக அப்படியே நிற்கும் என்று இருந்தது.

"பாத்தியா! அண்டைக்கு இந்தத் தீவுல கிறவல் றோட்டு. இப்ப தார். அப்ப என்ட றெக்கோட் சாகும் வரைக்கும் நிக்கும் எண்டு உன்ட புத்தகமே சொல்லுது."

"தாரைப் போட்டவன் வளைவ மாத்தல்ல அத்தான். அதே வளைவு, அதே மதகு. சாட்டுச் சொல்லாதீங்க."

இரண்டு நாள் இப்படியே போயிற்று. சோறு ஆறியது. கடைசியில் பிரியதத்தத்தால்தான் அளப்பது, அதே கோயில் படியில் இருந்து அளப்பது என்று முடிவாயிற்று. எண்ணுவது யார்? பெரியம்மா எண்ணினால் புருஷன் பக்கம் சாய்வார் என்று மாமா மறுத்தார். அம்மா எண்ணினால் தம்பி பக்கம். பெரியப்பா என்னைச் சுட்டிக்காட்டினார். "முதல்நன்மை வாங்கி மூண்டு மாதம். பாவமறியாத பிள்ளை. இவளைவிட நேர்மையான ஆள் இந்தத் தீவுல இருக்கா?" என்றார். முதல்நன்மை என்றால் கோயிலில் முதல் தரம் நற்கருணை வாங்குவது. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நேர்மையாக முகத்தை வைத்துக்கொண்டேன்.

பெரியப்பாவின் கள்ளம் அடுத்த நாள் பின்னேரச் செபத்தில்தான் வெளிப்பட்டது. அந்தச் சமயம் கோயிலில் செபங்களையெல்லாம் புதிய தமிழுக்கு மாற்றியிருந்தார்கள். எனக்கு முதல்நன்மைக்குப் படிப்பித்தது புதியது. பெரியம்மா போன்றவர்கள் வாய்ப்பழக்கத்தில் பழையதையே சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் ஆமென் சொல்லி முடிக்கும்போது பெரியம்மா இன்னும் பாதி வழியில் இருந்தார். அதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா முழங்காலில் இருந்து துள்ளி எழும்பினார்.

"முழத்தால அளந்தத இப்ப சாணால அளக்கப் பாக்கிறீங்க! பிள்ளைட செபம் கட்டை. கட்டைச் செபத்தால எண்ணினா நான் பறந்து வந்தாலும் முப்பதுதான் வரும்!"

பெரியப்பா சுவரில் இருந்த மாதா படத்தைப் பார்த்தபடி, அப்படியா, எனக்கு இது தோன்றவேயில்லையே என்றார். அதை மாதாவே நம்பியிருக்கமாட்டார். அதனால் ஒரு வாரத்துக்குள் பழைய பிரியதத்தத்தை நான் மனனம் செய்ய வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. படிப்பிக்கும் பொறுப்பு பெரியம்மாவுக்கு.

அந்தச் செபத்தில் புனித என்பதற்கு அர்ச்சியசிஷ்ட என்று ஒரு சொல் வரும். அது என் நாக்கில் ஏற மூன்று நாள் பிடித்தது. சொல் ஏறிய பிறகு வேகம். "அண்டைக்குப் படியில இருந்து எப்படிச் சொன்னனோ, அப்படியே நீயும் சொல்லவேணும்" என்று பெரியம்மா சொல்லிக் காட்டினார். ஒவ்வொரு சொல்லையும் தூக்கி, துடைத்து, பக்குவமாக வைப்பது போல அவ்வளவு ஆறுதலாகச் சொன்னார். நான் ஆச்சரியப்பட்டேன். வீட்டில் பெரியம்மாவின் செபம் அடுப்பில் சோறு பொங்குகிற வேகத்தில் ஓடும்.

"பெரியம்மா, நீங்க வீட்டில இப்படிச் சொல்றல்லயே?"

"அண்டைக்கு இப்படித்தான் சொன்னன்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை. வெயில் ஏறிய வாவியைப் பார்த்தார். அதில் பார்க்க அப்படி ஒன்றும் இருக்கவில்லை. ஒரு தோணி போய்க்கொண்டிருந்தது.

பந்தயம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூசையும் முடிந்து சாப்பாடும் முடிந்து தீவே நித்திரைக்குப் போகிற நேரம், றோட்டில் நாயும் இருக்காது. கோயில் வாசலில் தொடங்கி, வாவிக்கரையால் கோட்டைப் பக்கம் போய், கடைத்தெரு முனையால் கிறுகி, பாலத்தடியைத் தொட்டுக்கொண்டு திரும்பக் கோயிலுக்கு. நித்திரைக்குப் போக வேண்டியவர்களில் பாதிப்பேர் எப்படியோ கேள்விப்பட்டு வாசலில் நின்றார்கள். மீன்காரியும் வந்திருந்தாள். நான் முதல்நன்மைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு படியில் இருந்தேன். பக்கத்தில் பெரியம்மா. பின்னால் பெரியப்பா, ஒரு கையை என் தலையில் வைத்துக்கொண்டு. அம்மா லேஞ்சிக் கைக்குட்டையை உயர்த்தி வீசினார். மாமாவின் கார் தூசியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தது. நான் முதல் மணியைப் பிடித்தேன்.

முதல் ஐந்தும் பெரியம்மா படிப்பித்தது போலவே சொன்னேன். கடவுள் அறிய நேர்மையாகத்தான் சொன்னேன். ஆறாவது மணியில் காரின் சத்தம் கோட்டைப் பக்கம் கேட்டது. அடே, அவ்வளவு தூரம் போய்விட்டாரா! ஏழாவதில் பெரியப்பாவின் கறுப்புக் கார் கண்ணுக்குள் வந்து நின்றது. முன் சீற்றில் யாரும் இல்லை. எட்டாவதில் இருந்து என் வாய் என் சொல் கேட்கவில்லை. மணி ஓடத் தொடங்கியது. பத்தாவதில் மூச்சு விடுவதை நிறுத்தினேன். பதினைந்தில் அர்ச்சியசிஷ்ட என்ற அந்தப் பெரிய சொல் தும்மல் அளவுக்குச் சுருங்கிப்போயிற்று. மூன்று நாள் பாடுபட்டு ஏற்றிய சொல்லை மூன்று நிமிடத்தில் பொடியாக்கினேன். பெரியம்மாவின் முழங்கை என் விலாவில் ஒரு தரம் இடித்தது. அது நிறுத்து என்றா, இன்னும் ஓடு என்றா என்று தெரியாமல் இன்னும் ஓடினேன். இருபத்தியிரண்டு. வாவிக்கரை வளைவில் மாமாவின் கார் தலைகாட்டிவிட்டது. மாதாவே, மாதாவே! இருபத்திமூன்றை ஒரே மூச்சில் விழுங்கினேன். காரின் மூக்கு வாசலைக் கடக்க, நான் அடுத்ததுக்கும் ஆமென் என்று கத்தினேன்.

"இருபத்திநாலு!"

வாசலில் ஒரே ஆரவாரம். மாமா காரால் இறங்கி ஓடிவந்தார். "இருக்கேலா! முள்ளு அறுவதுக்கு மேல நிண்டது! அந்தப் பழைய தகரம் எந்தக் காலத்தில இவ்வளவு வேகம் ஓடின?" என்று கத்தினார். என்னைப் பார்த்தார். என் முகத்தில் நேர்மை எவ்வளவு மிச்சம் இருந்தது என்று எனக்குத் தெரியாது. பெரியம்மா பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க பக்கத்தில இருந்தீங்க. சத்தியமாச் சொல்லுங்க. பிள்ளை சரியாச் சொன்னாளா?"

பெரியம்மா என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் நின்ற பெரியப்பாவைப் பார்த்தார். கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளை ஒரு சொல்லும் விடல்ல தம்பி" என்றார்.

அது உண்மைதான். ஒன்றையும் விடவில்லை, எல்லாவற்றையும் விழுங்கினேன். மாமா கையை விரித்து, சரி, தோல்வி தோல்விதான் என்றார். மீன்காரி கைதட்டினாள். நான் வென்றுவிட்டேன்! துள்ளிக் குதித்துப் பெரியப்பாவின் கையைப் பிடித்தேன். அவர் என் பக்கம் குனிந்து, எனக்கு மட்டும் கேட்கும்படி, "மகள், அவன் கார எந்தப் பக்கத்தில விட்டிருக்கான்?" என்று கேட்டார். கார் பத்தடி தூரத்தில்தான் நின்றது. எங்கள் விளையாட்டு என்று நினைத்து, "உங்கட சோத்துக்கைப் பக்கம் பெரியப்பா, மாமரத்துக்குக் கீழ" என்றேன். "கெட்டிக்காரி" என்றார்.

பிறகு சட்டைப்பையில் கையை விட்டுத் திறப்பை எடுத்தார். மாமாவின் கையைப் பிடித்து அதில் வைத்தார்.

"றெக்கோட் என்னட்ட இருக்கட்டும் மச்சான். திறப்ப நீ வெச்சிரு."

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். இந்த முறை சந்தோஷ அழுகை. மாமா திறப்பைக் கையில் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார். நான் படியில் விழுந்து புரண்டு அழுதேன். வென்றவர் ஏன் கொடுக்க வேண்டும்? என் பாவம் முழுக்க வீணாகப் போயிற்றே! வெயில் ஏறியதால் பிள்ளைக்கு மயக்கம் என்று சொல்லித் தேசிக்காய்த் தண்ணீர் பருக்கினார்கள்.

அடுத்த வாரம், செய்த பாவங்களைச் சுவாமியாரிடம் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில், "சுவாமி, பதினேழு பிரியதத்தம் கெட்ட எண்ணத்தோட சொன்னன்" என்றேன். தட்டிக்குப் பின்னால் சுவாமியார் நெடுநேரம் இருமினார். ஒரு பிரியதத்தம், ஒன்றே ஒன்று, மெதுவாகச் சொல் என்று அபராதம் கொடுத்தார்.

சனிக்கிழமைச் சவாரி எப்படியோ கைவிட்டுப் போகவில்லை. மாமா கறுப்புக் காரை ஓட்டினார், பெரியப்பா பக்கத்தில், நான் பின் சீற்றில். "மகள், முன்னுக்கு என்ன வருது?" என்று பெரியப்பா திரும்பாமலே கேட்பார். "நான் பாத்துக்கொண்டுதானே ஓடுறன் அத்தான்" என்று மாமா எரிந்து விழுவார். நாங்கள் இரண்டு பேரும் அவரைக் கணக்கெடுக்கமாட்டோம். ஆனாலும் பின் சீற் பின் சீற்தான். மனம் ஆறவில்லை. ஒரு நாள் வாவிக்கரைப் படியில் மீன் கழுவிக்கொண்டிருந்த பெரியம்மாவிடம் போய் உண்மையைக் கக்கிவிட்டேன்.

"பெரியம்மா, நான் அண்டைக்குச் சுறுக்காச் சொன்னத பெரியப்பா கண்டுபிடிச்சிட்டாரா? அந்தக் கோவத்திலதான் திறப்பக் குடுத்தவரா?"

"கண்டுபிடிக்காம? உனக்குப் பின்னாலதானே நிண்டவர்" என்று பெரியம்மா சிரித்தார். "கோவமா? அண்டு ராவு சோறு தின்னேக்கயும் சிரிச்சார் மனே, புரைக்கேறும் வரைக்கும். நீ எவ்வளவு சுறுக்காச் சொன்னாய் எண்டும் அவருக்குத் தெரியும். நான் எவ்வளவு ஆறுதலாச் சொன்னன் எண்டும் அவருக்குத் தெரியும்."

நான் கொஞ்சம் யோசித்தேன். மற்ற இரண்டு கார்களுக்கு வீட்டு வேகம், பெரியப்பாவின் காருக்கு மட்டும் அந்த ஆறுதல் வேகம் என்றால், அது நான் செய்ததைவிடப் பெரிய கள்ளம்.

"அப்ப நீங்களும் பாவசங்கீர்த்தனம் செய்யவேணும் பெரியம்மா!"

"செய்தனான். அந்தப் பாவத்துக்குத்தானே இருபத்தஞ்சு வருசமா உன்ட பெரியப்பாவோட அபராதம் கட்டிக்கொண்டிருக்கன்" என்றார். சொல்லிவிட்டு மீன் செதில் ஒட்டிய கையால் வாயைப் பொத்திக்கொண்டு, கன்னம் சிவக்கச் சிரித்தார்.

எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. எனக்கு ஒரே ஒரு பிரியதத்தத்தோடு விட்டுவிட்ட சுவாமிமார், பெரியம்மாவுக்கு மட்டும் இவ்வளவு நீண்ட தண்டனை கொடுத்திருக்கிறார்களே என்று நினைத்தேன். அன்று பின்னேரச் செபத்தில், அவருடைய தண்டனை சீக்கிரம் முடிய வேண்டும் என்று மாதாவிடம் கேட்டு, பழைய பிரியதத்தம் ஒன்றை ஒரு சொல்லும் விழுங்காமல் மிக மெதுவாகச் சொன்னேன்.